வரப்பும் ஓடுபாதையும்

மரக்காணத்து உப்பளங்களில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும், கால் நிற்காது. அதனால் இருள் பிரியும்போதே ஆட்கள் இறங்கி உப்பை வாரிக் குவிப்பார்கள். பிறகு அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துகொண்டு வரப்பு வழியாக மேட்டுக்குக் கொண்டு போவார்கள். வரப்பின் அகலம் ஓர் ஆள் நடக்கிற அளவுதான். சுமையோடு ஒருவர் வரப்பில் ஏறிவிட்டால் வெறுங்கையோடு எதிரே வருபவர் முனையிலேயே நின்றுவிடுவார். இதை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாவோ அப்பாவோ அந்த வரப்பில் நடக்கிறவர்கள். விடுமுறை நாட்களில் பிள்ளைகளும் தூக்குவாளியோடு அங்கே போய் வருவார்கள்.

உப்பளத்துக்கு அருகிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். 2024 ஜனவரியில், அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், எட்டாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பாடம் நடத்த முடியவில்லை. எல்லோரும் வீட்டுக் கைப்பேசியில் ஒரே காட்சியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஜப்பானின் ஹனேடா விமான நிலையத்தில் ஒரு பெரிய பயணிகள் விமானம் தீப்பந்தாக ஓடுபாதையில் சறுக்கிக்கொண்டு போன காட்சி அது.

கடைசி பெஞ்சிலிருந்து முதல் கேள்வி வந்தது. "சார், ஒரே ரோட்டுல ரெண்டு பிளேன் எப்படி வரும்? மேல டவர்ல உக்காந்து பாத்துட்டே இருப்பாங்கல்ல?" அதை முடிப்பதற்குள் முன் பெஞ்சுப் பெண் கேட்டாள்: "அவ்ளோ நெருப்புல எல்லாரும் எப்படி சார் தப்பிச்சாங்க?"

இரண்டுக்கும் அன்று எனக்குச் சரியான விடை தெரியாது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த நாளை பல மாதங்கள் நீண்டது. அந்த மாதங்களில் நான் படித்ததையும், அதனால் எங்கள் பள்ளியில் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். விமானத்தில் ஏறாத ஆசிரியருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் ஹனேடாவில் நடந்ததைப் பார்ப்போம். 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் பெரும் நிலநடுக்கம். மறுநாள் மாலை அங்கே நிவாரணப் பொருள்கள் கொண்டுபோக ஜப்பான் கடலோரக் காவல் படையின் சிறிய விமானம் ஒன்று ஹனேடாவில் தயாராக இருந்தது. அதில் ஆறு பேர். அதே நேரத்தில் சப்போரோவிலிருந்து ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350 விமானம் 367 பயணிகள், 12 பணியாளர்களோடு இறங்கிக்கொண்டிருந்தது. சிறிய விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் சொன்னது, ஓடுபாதைக்கு முன்னால் இருக்கும் காத்திருப்புக் கோடு வரை வரலாம் என்பதுதான். கூடவே 'நம்பர் ஒன்' என்றும் சொன்னார். புறப்படும் வரிசையில் நீ முதல் என்பது அதன் பொருள். ஆனால் அந்த விமானம் கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் வந்து, ஏறத்தாழ 40 விநாடிகள் அங்கேயே நின்றது. மாலை 5 மணி 47 நிமிடத்துக்குப் பெரிய விமானம் அதன் மேல் வந்து மோதியது. கடலோரக் காவல் படையினரில் ஐந்து பேர் இறந்தார்கள், விமானி மட்டும் பிழைத்தார். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒருவன், "வரப்பு முனையில நிக்காம உள்ள வந்துட்டாரு சார்" என்றான். காத்திருப்புக் கோட்டை விளக்க நான் தேடிக்கொண்டிருந்த உவமையை அவன் எளிதாகச் சொல்லிவிட்டான். ஓடுபாதைக்குள் இருக்கக் கூடாத ஒரு விமானமோ வண்டியோ ஆளோ இருப்பதை 'ஓடுபாதை ஊடுருவல்' என்கிறார்கள். மாடு புகுந்தாலும் ஆபத்து அதேதான். 2014 நவம்பரில் சூரத் விமான நிலையத்தில் புறப்பட ஓடிக்கொண்டிருந்த விமானம் ஓர் எருமையின் மேல் மோதியது. இதைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். பெரிய விமானம் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அப்படியானால் விநாடிக்கு எத்தனை மீட்டர்? ஏறத்தாழ 70. எங்கள் பள்ளியின் முன்வாசலிலிருந்து பின்சுவர் வரை ஒரே விநாடிதான். இருட்டில் ஒரு சிறிய விமானத்தின் விளக்கைக் கண்டு, அது என்ன என்று புரிந்துகொள்ளவே இரண்டு மூன்று விநாடி ஆகும். அதற்குள் 200 மீட்டர் போய்விடும். சிரிப்பு நின்றுவிட்டது.

நம் நாட்டிலும் இது நடக்காத கதையில்லை. 2024 ஜூன் 8 அன்று மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஒன்று திருவனந்தபுரத்துக்குப் புறப்பட ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்தது. அது தரையை விட்டு எழும்பும் முன்பே, இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் அதற்குப் பின்னால் அதே ஓடுபாதையில் இறங்கிவிட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. விசாரணை நடந்தது, கட்டுப்பாட்டாளர் ஒருவர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அந்தக் காட்சியை என் மாணவர்கள் ஹனேடாக் காட்சியைவிட அதிக நேரம் பார்த்தார்கள். எதுவும் நடக்காததுதான் அவர்களைப் பயமுறுத்தியது.

இப்படிப்பட்ட விபத்துகளில் மிகக் கொடியது 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில் நடந்தது. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. மூடுபனி வேறு. கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747, அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணி ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. 583 பேர் இறந்தார்கள். இதில் மொழி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேஎல்எம் விமானி சொன்னதன் பொருள் 'புறப்படும் இடத்தில் நிற்கிறோம்' என்பதா, 'புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்' என்பதா என்று கோபுரத்தில் இருந்தவருக்குத் தெளிவாகவில்லை. அவர் 'ஓகே' என்று தொடங்கிப் பதில் சொன்னார். அவர் தொடர்ந்து 'காத்திருங்கள்' என்றதும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானி சொன்னதும் ஒரே நொடியில் வானொலியில் மோதிக்கொண்டன. கேஎல்எம் விமானிகளின் காதில் விழுந்தது ஒரு கீச்சொலிதான். அந்த விபத்துக்குப் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லை உண்மையான புறப்பாட்டு அனுமதிக்கும் அதை ரத்து செய்வதற்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. கிடைத்த அனுமதியை விமானி சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் கடுமையானது.

இதை நாங்கள் மைதானத்தில் விளையாட்டாகச் செய்து பார்த்தோம். சுண்ணாம்புத் தூளால் ஓர் ஓடுபாதை, அதற்குக் குறுக்கே இரண்டு காத்திருப்புக் கோடுகள். ஒரு மாணவி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள், அவள்தான் கோபுரம். அவளால் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். நான்கு பேர் விமானங்கள். முதல் சுற்றில் யார் எப்படி வேண்டுமானாலும் பேசலாம். "நான் ரெடி", "வரலாமா", "சரி", "போ", "நீதான் ஃபர்ஸ்ட்டு". மூன்று நிமிடத்துக்குள் இரண்டு மோதல். இரண்டாவது சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்தோம். கட்டளையை முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், 'சரி' என்ற சொல்லுக்குத் தடை. மோதல் இல்லை. தமிழ் வகுப்பில் சொல்லின் பொருள்மயக்கத்தைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினாலும் இந்த அளவுக்குப் பதிந்திருக்காது என்று எங்கள் தமிழாசிரியர் சொன்னார்.

திருப்பிச் சொன்னால் போதும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஹனேடா உரையாடலின் எழுத்து வடிவத்தைப் படித்தேன். கடலோரக் காவல் படை விமானி கட்டளையைச் சரியாகவே திருப்பிச் சொல்லியிருக்கிறார். காத்திருப்புக் கோடு வரை என்றுதான் அவர் வாயும் சொன்னது. மனம் மட்டும் ஓடுபாதைக்குள் போக அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்டது. நிலநடுக்க நிவாரணப் பயணம், முதலிடம் வேறு. 2024 டிசம்பரில் வெளிவந்த இடைக்கால அறிக்கை மூன்று பேரையும் சேர்த்தே பேசுகிறது. உள்ளே வந்தவர் தவறாக எண்ணிவிட்டார், கோபுரத்தில் இருந்தவர் கவனிக்கவில்லை, இறங்கிய விமானிகளும் கண்டுகொள்ளவில்லை. ஓடுபாதையில் ஆள் இருப்பதைக் காட்டும் எச்சரிக்கை கோபுரத்தின் திரையில் வந்திருக்கிறது, கண்ணில் படவில்லை. கோட்டருகே சிவப்பாக எரிந்து 'நில்' என்று சொல்லும் விளக்கு வரிசை, பராமரிப்புப் பணி காரணமாக அன்று இயங்கவில்லை. விபத்துக்குப் பிறகு 'நம்பர் ஒன்' என்று சொல்வதையே ஜப்பானில் நிறுத்தி வைத்தார்கள். நம் வகுப்பிலும், 'புரிஞ்சுதா' என்று கேட்டால் வரியை அப்படியே ஒப்பிக்கும் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நாம் எத்தனை முறை நம்பியிருக்கிறோம்?

ஓடுபாதையின் எண்ணையும் இங்கே சொல்லிவிடுகிறேன், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயன்படும். திசைகாட்டியில் வடக்கிலிருந்து எத்தனை பாகை என்று பார்த்து, கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் அதுதான் எண். சென்னையின் முதன்மை ஓடுபாதை 07, மறுமுனையிலிருந்து பார்த்தால் 25. இன்னொன்று 12, அதன் மறுமுனை 30. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. இரு முனைகளின் எண்களுக்கும் வித்தியாசம் எப்போதும் 18 ஏன் என்று கேளுங்கள், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நாங்கள் ஒரு சனிக்கிழமை உப்பளத்துக்குப் போய் வரப்பில் திசைகாட்டியை வைத்துப் பார்த்தோம். எங்கள் வரப்பின் எண் 03, மறுமுனை 21. கூடையோடு வந்த ஓர் அக்கா, "என்ன சார் அளக்கறீங்க, வித்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எப்படித் தப்பித்தார்கள்?

ஹனேடாவில் விமானம் நின்றபோது இயந்திரம் எரிந்துகொண்டிருந்தது, உள்ளே புகை. பயணிகளுக்கு அறிவிக்கும் ஒலிபெருக்கி அமைப்பு வேலை செய்யவில்லை. பணியாளர்கள் கைமெகாஃபோனிலும் வெறும் குரலிலும் கத்தினார்கள். மொத்தம் எட்டுக் கதவுகள். ஒவ்வொரு கதவின் சன்னல் வழியாகவும் வெளியே தீ இருக்கிறதா என்று பார்த்த பிறகே திறப்பது பற்றி முடிவெடுத்தார்கள். கடைசியில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இடப்புறம் ஒன்று. பின்கதவில் நின்ற பணிப்பெண்ணால் விமானியைத் தொடர்புகொள்ள முடியவில்லை. உத்தரவுக்காகக் காத்திராமல் அவரே முடிவெடுத்துத் திறந்தார். இப்படி முடிவெடுக்கும் அதிகாரமும் அதற்கான பயிற்சியும் அவருக்கு முன்பே தரப்பட்டிருந்தன. பயணிகள் பைகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். தலைமை விமானி விமானத்துக்குள் நடந்து, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, உள்ளே இருந்த சிலரை அனுப்பிவிட்டுக் கடைசியாக இறங்கினார். தரையிறங்கியதிலிருந்து அதற்குள் 18 நிமிடம் ஆகியிருந்தது. அதன் பிறகு விமானம் முழுவதும் எரிந்துபோனது.

90 விநாடி என்று ஒரு கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். புதிய வகை விமானத்துக்கு அனுமதி தருமுன், பாதிக் கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, இருட்டில், முழுப் பயணிகளும் 90 விநாடியில் வெளியேறிக் காட்ட வேண்டும். எந்தக் கதவு திறக்கும் என்று உள்ளே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியாது. 2006 மார்ச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏ380 விமானத்தைச் சோதித்தபோது 16 கதவுகளில் 8 வழியாக 873 பேர் 78 விநாடியில் வெளியேறினார்கள். எங்கள் கணக்கு டீச்சர் இதை ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தார். ஒரு கதவுக்கு ஏறத்தாழ 109 பேர், விநாடிக்கு ஒரு கதவில் 1.4 பேர். ஹனேடாவில் ஆன நேரம் இதைவிடப் பல மடங்கு. சோதனையில் நிஜப் புகை இல்லை, குழந்தையோடு நிற்கும் தாய் இல்லை, சாய்ந்து கிடக்கும் விமானம் இல்லை. அந்த 90 விநாடியை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டெனெரிஃபில் பான் ஆம் விமானத்தில் மோதலில் அடிபடாமல் இருந்த பலர், தீ பரவும்போதும் இருக்கையிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்ததாகத் தப்பியவர்கள் பிறகு சொன்னார்கள். காத்திருந்த நேரத்தில் பாதுகாப்பு அட்டையை எடுத்துப் பார்த்து, கதவு எங்கே என்று மனத்தில் குறித்து வைத்த ஒரு முதியவர் மனைவியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஆபத்தில் எல்லோரும் அலறி ஓடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம், சினிமாவும் அப்படித்தான் காட்டுகிறது. உறைந்துபோவதும் அதே அளவுக்கு நடக்கிறது.

தேவையில்லாத அவசரமும் கொல்லும். 2005 செப்டம்பரில் கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையத்தில், ஜெத்தாவுக்குப் புறப்படத் தயாராக ஊர்ந்துகொண்டிருந்த சவூதி விமானத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. பயணிகள் அவசரமாக வெளியேறியபோது நெரிசலில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். குண்டு எதுவும் இல்லை.

பைகளைப் பற்றி நான் எழுத நினைத்தது, படிக்கப் படிக்க மாறியது. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் 300 பேரோடு தரையிறங்க முயன்றது. சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட பிறகு மீண்டும் மேலே எழும்ப முனைந்தார்கள், ஆனால் இயந்திரங்களுக்குத் தேவையான உந்துவிசை கொடுக்கப்படவில்லை. சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொண்டிருந்த நிலையில் விமானம் தரையில் மோதிச் சறுக்கியது. பலத்த காற்று சறுக்குப் பைகளைத் தூக்கியடித்ததால் சில கதவுகள் பயன்படவில்லை. உள்ளே எடுத்த காணொளியைப் பார்த்தால் நெஞ்சு பதறும். புகைக்கு நடுவே ஆட்கள் மேலே கையை நீட்டிப் பெட்டியை இழுக்கிறார்கள். பயணிகள், பணியாளர்கள் எல்லோரும் தப்பினார்கள். விமானம் நின்று ஒன்பது நிமிடம் போல ஆனபோது எரிபொருள் தொட்டி வெடித்து, தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அந்தக் காணொளி பரவியபோது நம் ஊரில் எல்லோரும் அந்தப் பயணிகளைக் கேலி செய்தார்கள். நானும் செய்தேன்.

பிறகு எங்கள் பள்ளியில் வெளியேற்ற ஒத்திகை வைத்தோம். ஆறு முதல் பத்து வரை 236 பிள்ளைகள், மாடியில் இரண்டு வகுப்பு, ஒரே படிக்கட்டு. தலைமையாசிரியர் மணியடிக்கச் சொன்னார். மணியடித்தது. பாதி வகுப்பு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவுக்கூடத்தை நோக்கி நடந்தது. மீதிப் பேர் பையைத் தோளில் மாட்டினார்கள், வீட்டுக்கு மணி என்று நினைத்து. ஒரே ஒலிக்கு மூன்று பொருள். டெனெரிஃபின் 'ஓகே' எங்கள் தாழ்வாரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் மைதானத்துக்கு வந்து சேர 4 நிமிடம் 50 விநாடி ஆனது. வந்தவர்களை எண்ணினால் ஒருத்தி குறைந்தாள்.

ஏழாம் வகுப்புப் பெண். பாதிப் படி இறங்கியவள், பையை எடுக்க மாடிக்குத் திரும்பிப் போயிருந்தாள். கீழே வந்ததும் நான் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவள் அழவில்லை. "அதுக்குள்ள ரேஷன் கார்டு இருக்கு சார். அம்மா சாயங்காலம் பருப்பு வாங்கக் குடுத்துச்சு. தொலைச்சா வேற எங்க போய் வாங்கறது" என்றாள்.

எனக்கு 2020 நவம்பர் நினைவுக்கு வந்தது. நிவர் புயல் மரக்காணத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது கடலோரக் குப்பங்களிலிருந்து பள்ளிக்கு வந்து தங்கியவர்கள், துணிமணியைக்கூட விட்டுவிட்டு, பாலித்தீன் உறையில் சுற்றிய அட்டைகளையும் பட்டாவையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். துபாய் விமானத்தில் மேலே கை நீட்டியவர்களின் பெட்டியிலும் பாஸ்போர்ட்டும் வேலைக்கான காகிதங்களும் இருந்திருக்கும். பேராசை என்று நான் நினைத்தது வேறொன்றாக இருக்கலாம். ஆனாலும் நடைபாதையில் ஒருவர் பைக்காக நின்றால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டும் என்ற கணக்கு மாறாது. எனவே பிள்ளைகளிடம் 'பையை விடு' என்று அதட்டுவதை நிறுத்தினோம். முக்கியமான தாளைக் கொண்டுவரும் நாளில் அதைச் சட்டைப்பையிலோ பாவாடைப் பையிலோ வைத்துக்கொள், பையில் வைக்காதே என்று சொல்லத் தொடங்கினோம். விமானப் பயணத்துக்கும் இதுவே நல்லது. இறங்கும்போதும் ஏறும்போதும் பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும், செருப்பு காலில் இருக்கட்டும், முன்னும் பின்னும் கதவு எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாதபோது கை எண்ணும்.

மணிக்கு மாற்று தேடினோம். மின்மணி வேண்டாம் என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னார், தீப்பிடித்தால் முதலில் போவது மின்சாரம்தான். ஹனேடாவிலும் அறிவிப்புக் கருவிதான் முதலில் கைவிட்டது. பழைய மணியாக இருந்து மூலையில் கிடந்த தண்டவாளத் துண்டை எடுத்து மறுபடி தொங்கவிட்டோம். அதைத் தொடர்ச்சியாக அடித்தால் ஒரே பொருள்தான், வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது.

யார் அடிப்பது என்பதில்தான் சிக்கல். இரண்டாவது ஒத்திகையை வேண்டுமென்றே தலைமையாசிரியர் கூட்டத்துக்காகத் திண்டிவனம் போயிருந்த நாளில் வைத்தோம். சமையலறைப் பக்கம் புகை என்று ஒரு மாணவனிடம் சொல்லி அனுப்பினோம். விவரம் தெரியாத இரண்டு ஆசிரியர்கள் தாழ்வாரத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எச்.எம். இல்லையே, போன் பண்ணிக் கேட்டுடலாமா?" நம் துறையில் வளர்ந்த யாரும் அப்படித்தான் கேட்பார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விமானத்தின் பின்கதவில் நின்ற அந்தப் பணிப்பெண்ணைப் பற்றி மாலைக் கூட்டத்தில் நெடுநேரம் பேசினோம். தலைமையாசிரியர் திரும்பி வந்ததும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்: புகையோ தீயோ கண்ட எந்த ஆசிரியரும், சத்துணவு அமைப்பாளரும், சமையலரும் தண்டவாளத்தை அடிக்கலாம், தவறாக அடித்திருந்தாலும் விளக்கம் கேட்கப்படாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று சமையல் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனதை நாம் ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறோம். அந்தக் கையெழுத்துக்கு அது ஒன்றே காரணமாகப் போதும்.

கடைசியாகக் கதவு. 1985 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் புறப்பட ஓடிய விமானம் தீப்பிடித்து 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். முன்பக்கத்தில் தடுப்புகளுக்கு இடையிலான குறுகிய வழியில் ஆட்கள் அடைத்துக்கொண்டதும் ஒரு காரணம். அதன் பிறகு கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஹெலன் மியூர் ஒரு சோதனை செய்தார். தன்னார்வலர்களை விமானத்தில் ஏற்றி இறங்கச் சொன்னால் ஒழுங்காக இறங்கினார்கள். முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு ஐந்து பவுண்டு பரிசு என்றதும் இருக்கைகள் மேல் ஏறிக் குதித்தார்கள், வாசலில் சிக்கிக்கொண்டார்கள். வழியின் அகலத்தை ஏறத்தாழ 50 சென்டிமீட்டரிலிருந்து 75 சென்டிமீட்டர் அளவுக்கு மாற்றியதும் கூட்டம் வேகமாக வெளியேறியது. கட்டுப்பாடான கூட்டத்துக்குப் போதுமான வாசல், பயந்த கூட்டத்துக்குப் போதாது.

இதைப் படித்த அன்று அளவு நாடாவோடு மாடிக்குப் போனேன். எங்கள் வகுப்பறைகளுக்கு இரட்டைக் கதவு. ஆனால் ஒரு பக்கத்தைத்தான் திறப்போம், மறுபக்கம் தாழிட்டபடியே இருக்கும். திறந்த பக்கத்தின் அகலம் 52 சென்டிமீட்டர். மறுபக்கத்துத் தாழ்ப்பாளை இழுத்தேன், வரவில்லை. மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் உப்புக்காற்றில் துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தன. எட்டு வகுப்பறைகளில் ஆறில் இதே கதை. எத்தனை ஆண்டுகளாக என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாணவனின் அப்பா உப்பளத்தில் இயந்திர வேலை பார்ப்பவர், மண்ணெண்ணெயும் சுத்தியலுமாக வந்து இரண்டு நாளில் எல்லாவற்றையும் விடுவித்தார்.

பிப்ரவரியில் 4 நிமிடம் 50 விநாடி எடுத்தது, ஆகஸ்டு ஒத்திகையில் 1 நிமிடம் 52 விநாடிக்கு வந்தது. தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் விடும் வேலை ஏழாம் வகுப்பிடம் இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்தப் பெண்தான் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறாள். ரேஷன் அட்டை கொண்டுவரும் நாளில் அதைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறாள்.